ஈரடிப்பு ஸ்கூற்றர் எஞ்சினின் மீளமைப்பும் மேம்பாடும்: சில விளக்கக் குறிப்புகள்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், கைவிடப்பட்ட பழைய வாகனங்களை மீண்டும் ஓடச்செய்தல் பலருக்குப் பொழுதுபோக்காக அன்றி வாழ்க்கைத் தேவையாகவே அமைந்தது. எமது வீட்டுக் கொட்டிலில் நெடுங்காலம் முடங்கிக் கிடந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூற்றர் ஒன்றை நாமும் நண்பர் ஒருவரும் விறாந்தையிற் பிரித்துப் பூட்டியது அச்சூழ்நிலையிலேயாகும். அவ்வேலையினூடாக நாம் அறிந்துகொண்டவற்றை, அவற்றின் விஞ்ஞான அடிப்படையோடு சேர்த்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாய்வு ஏடொன்றில் எஞ்சினுக்கு இடமேது என வினவுவோர் இருக்கலாம். எமது பாடநூல்களில் ‘முசலம்’ என்று படிக்கும் மாணவன், கராஜில் ‘பிஸ்டன்’ என்று அழைக்கப்படும் பொருளும் அதுவே என்பதை உணராமலே பரீட்சையில் தேறிவிடுகிறான். முசலத்தின் அமுக்கத்தைக் கணிப்பவன் பிஸ்டனைத் தொட்டதில்லை. பிஸ்டனை நாள்தோறும் தொடுபவனுக்கோ அக்கணிப்புக் கற்பிக்கப்பட்டதில்லை. மூளை உழைப்புக்கும் கை உழைப்புக்கும் இடையே சமூகம் எழுப்பியுள்ள சுவர் மொழியிலும் இவ்வாறு தன் சுவட்டைப் பதித்துள்ளது. ஆதலின் இக்கட்டுரையில் கராஜில் வழங்கும் சொற்களையே பெரிதும் கையாண்டுள்ளோம்.

1. எஞ்சினின் தோற்றமும் இயக்கமும்

ஈரடிப்பு எஞ்சின் எனும் கருத்து 19 ஆம் நூற்றாண்டுக்குரியது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டுகால்ட் கிளார்க் 1881 இல் ஈரடிப்பு எஞ்சின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் இன்று நாம் காணும் எளிய வடிவத்துக்கு வழிகோலியவர் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே ஆவார். எரிபொருட் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுவதற்குத் தனியானதொரு பம்பை அமைக்காது, பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறையையே பம்பாகப் பயன்படுத்தலாம் என்பது 1891 இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பின் சாரமாகும்.

இவ்வியக்கத்தைச் சுருக்கமாக நோக்குவாம். பிஸ்டன் மேலெழும்போது அதற்கு மேலே கலவை நெருக்கப்படுகிறது; அதே கணத்தில் கீழே கிராங்க் அறையில் வெற்றிடத் தன்மை தோன்றிக் காபரேற்றரிலிருந்து புதுக் கலவை உறிஞ்சப்படுகிறது. பிளக்கின் பொறியால் மேலுள்ள கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகையில் முதலிற் புகைத்துவாரமும், சற்றுப் பின்னர்க் கடத்தல் துவாரங்களும் திறக்கின்றன. கிராங்க் அறையில் அமுக்கப்பட்ட புதுக் கலவை கடத்தல் துவாரங்களின் வழியே மேலேறி, எரிந்த வாயுவை வெளியே துரத்துகிறது. நாலடிப்பு எஞ்சின் இரு சுற்றுகளில் ஒரு தடவை செய்வதை இது ஒவ்வொரு சுற்றிலும் செய்கிறது. வால்வும் இல்லை, வால்வை இயக்கும் தண்டும் இல்லை. திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் வேலையே.

இவ்வெளிமைக்கு ஒரு விலை உண்டு. புதுக் கலவை உள்ளே வரும்போது புகைத்துவாரமும் திறந்தே இருப்பதால், அதன் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடுகிறது. ஜேர்மனியரான அடொல்ஃப் ஷ்னூர்லே 1920களில் வகுத்த வளைவோட்ட முறை இவ்விழப்பைக் குறைத்ததேயன்றி நீக்கவில்லை. காபரேற்றர் பொருத்திய சாதாரண ஈரடிப்பு எஞ்சினில் புதுக் கலவையின் கால்பங்குக்கும் மேலாகவே இவ்வாறு வீணாகக்கூடும். உலகெங்கும் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது வீதி வாகனங்களில் இவ்வெஞ்சின் அருகியமைக்கு, எரியும் எண்ணெயின் புகையோடு இவ்விழப்பும் முக்கிய காரணமாயிற்று.

எமது ஸ்கூற்றரின் மூலவடிவம் இத்தாலிய வெஸ்பா ஆகும். போரிற் குண்டுவீச்சுக்கு இலக்கான பொன்ரெதேராத் தொழிற்சாலையில், விமானங்களைச் செய்துவந்த பியாஜியோ நிறுவனம் 1946 இல் அதனை வெளியிட்டது. வடிவமைத்தவர் விமானப் பொறியியலாளரான கொரடீனோ டாஸ்கானியோ. இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமத்தின் கீழ் ஸ்கூற்றர்களை உற்பத்தி செய்து, அவ்வுரிமம் முடிவுற்றபின் 1972 இல் சேத்தக்கை அறிமுகப்படுத்தியது. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் அடிப்பு நீளமும் 57 மி.மீ.; கொள்ளளவு 145.45 க.செ.மீ.

இவ்வமைப்பின் தனிச்சிறப்பொன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கலவை உட்புகும் வழியைத் திறந்து மூடுவது பிஸ்டன் அன்று, கிராங்கின் வட்டத் தகடாகும். அத்தகட்டின் விளிம்பு, கிராங்க் அறைச் சுவரிலுள்ள வழவழப்பான மேடையொன்றை மயிரிழை இடைவெளியில் உரசாது கடக்கிறது. அவ்விடைவெளியே அடைப்பாகும். உள்ளே நுழையும் ஒரு மணற்றுகள் அம்மேடையைக் கீறிவிடின் உறிஞ்சிய கலவை காபரேற்றர் வழியே திரும்ப உமிழப்படும். எனவே காபரேற்றரைக் கழற்றியவுடன் அத்துவாரத்தைத் துணியால் அடைப்பதே முதலாவது ஒழுங்காகும்.

2. பழுதைக் கண்டறிதல்

எமது ஸ்கூற்றர் கொட்டிலை அடைவதற்கு முன்னர் மூன்று தடவை அதன் ரிங்குகள் மாற்றப்பட்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் சில வாரங்களிலேயே வெண்ணீலப் புகை மீண்டும் தோன்றியது. புகை என்றால் ரிங் தேய்வு என்பது நாலடிப்பு எஞ்சினைப் பொறுத்தவரை நியாயமானதோர் ஊகம். ஈரடிப்பு எஞ்சினிலோ பெற்றோலோடு எண்ணெய் கலந்தே எரிவதால் புகை பல காரணங்களிலிருந்து எழலாம்.

கிராங்க் அறை ஒரு பம்பு என்பதை நினைவிற்கொண்டால் வழி தெளிவாகும். கிராங்கின் இரு பக்கங்களிலும் இரண்டு றப்பர் சீல்கள் அவ்வறையை அடைக்கின்றன. கிளச் பக்கச் சீல் பழுதடையின், கிராங்க் அறையின் உறிஞ்சல் கியர்ப்பெட்டி எண்ணெயையும் இழுத்து எரித்துவிடும்: புகை பெருகும், பிளக் நனையும், கியர் எண்ணெயின் மட்டம் குறையும். மக்னெற் பக்கச் சீல் பழுதடையின் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்று உட்புகும்: கலவை வறளும், அக்சிலேற்றரை விட்டபின்னும் எஞ்சினின் வேகம் தணியாது, வெப்பம் ஏறி ஈற்றில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். எமது எஞ்சினின் கியர் எண்ணெய் அளவுகோலுக்குக் கீழே இறங்கியிருந்தது. குற்றவாளி ரிங் அன்று, கிளச் பக்கச் சீலே என்பதை அது உணர்த்திற்று.

ஊகத்தை உறுதிப்படுத்தும் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காபரேற்றர் வழியையும் புகைவழியையும் றப்பர்த் தகடு வைத்து அடைத்து, பிளக் துவாரத்தில் ஒரு குழாயைப் பொருத்தி, சைக்கிள் பம்பினாற் காற்றை ஏற்றவேண்டும். சதுர அங்குலத்துக்கு ஐந்து அல்லது ஆறு இறாத்தல் அமுக்கம் போதும். மிகையாயின் நல்ல சீலே பிதுங்கிவிடும். சில நிமிடங்களுக்கு அளவுமானியின் முள் இறங்காதிருப்பின் அறை அடைப்பாக உள்ளது. இறங்கின், மூட்டுக்களிலும் மக்னெற் பக்கத்திலும் சவர்க்கார நீரைப் பூசினால் குமிழி இடத்தைக் காட்டும். கிளச் பக்கச் சீலாயின் கியர்ப்பெட்டியின் எண்ணெய்த் துவாரத்தின் வழியே காற்று வெளியேறும். எமது எஞ்சினில் நிகழ்ந்தது இதுவே.

3. மீளமைப்பு

சீலை மாற்றக் கிராங்க் அறையை இரண்டாகப் பிளத்தல் வேண்டும். அவ்வாறு பிளந்தபின் பெயரிங்குகளையும் மாற்றிவிடுதலே சிக்கனம். மக்னெற் சில்லையும் கிளச்சையும் அவற்றுக்குரிய இழுப்பான்களாலேயே கழற்றவேண்டும். சுத்தியலால் அடித்தால் கிராங்க் தன் நேர்மையை இழக்கும். பெயரிங்குகளைக் கழற்றவும் பொருத்தவும் வெப்ப விரிவே துணை. அலுமினிய உறையை நூறு பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அது உருக்கைவிட அதிகம் விரியும். முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பெயரிங் கைவிரலின் அழுத்தத்துக்கே இறங்கி அமரும். உயர்தர வகுப்பில் விரிவுக் குணகத்தை மனனஞ்செய்த நாம், அதன் பொருளை எமது விறாந்தையிலேதான் கண்டோம் எனல் மிகையாகாது.

சிலிண்டரின் உட்சுவரை மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளத்தல் வேண்டும். தேய்வு எங்கும் ஒரேயளவாக இராது. ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி அதன் முனைகளின் இடைவெளியை இடைவெளிமானியால் அளப்பதும் அவசியம். தேய்வு எல்லை கடந்திருப்பின் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டனைப் பொருத்தலாம். இவ்வெஞ்சினுக்குப் பிஸ்டன்கள் 57.2, 57.4, 57.6 என 0.2 மி.மீ. படிகளிற் கிடைக்கின்றன. 57.6 ஐ அடையும்போதும் கொள்ளளவு ஏறத்தாழ 148.5 க.செ.மீ. ஆகவே உயரும். கடைதல் பழுதுநீக்கமேயன்றி மேம்பாடு அன்று என்பது இதனாற் புலப்படும். கடைதலும், கிராங்கைப் பிரித்து அதன் தண்டை மாற்றுதலும் வீட்டில் ஆகத்தக்கன அல்ல. அவற்றை லேத் வேலைத்தலத்திடம் ஒப்படைத்தலே முறை. தன்னால் இயலாததை அறிதலும் தொழிலறிவின் ஒரு கூறேயாகும்.

பூட்டும்போது மூன்று சிறு விடயங்களைக் கவனித்தல் வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகைத்துவாரத்தை நோக்கவேண்டும். ரிங்கின் முனைகள் பிஸ்டனிலுள்ள சிறு முளைகளில் அமரவேண்டும். இல்லையேல் முனை துவாரத்திற் சிக்கி முறியும். பிஸ்டன் ஊசியின் வளையங்களை ஒருபோதும் மீளப் பயன்படுத்தலாகாது.

எண்ணெய்க் கலவை பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. ஆரம்பகால வெஸ்பாக்களுக்கு 5 வீதமளவில் எண்ணெய் வேண்டியிருந்தது. கிராங்க் தகட்டால் உட்புகு வழியை அடைக்கும் அமைப்பு வந்தபின் 2 வீதம் போதுமானதாயிற்று. அதாவது ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். அதற்கு மேல் ஊற்றினால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் எனச் சிலர் கருதுவர். ஆயின் அதே ஜெற் துளையின் வழியே எண்ணெய் கூடுதலாகச் செல்லும்போது பெற்றோல் குறைவாகவே செல்லும். எண்ணெய் மிகுந்த கலவை எரிபொருளில் வறண்ட கலவையாகி, நாம் தவிர்க்க விரும்பிய வெப்பத்தையே தோற்றுவிக்கலாம்.

கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீர் சுண்ணாம்புக்கற் படையிலிருந்தே கிடைக்கிறது. வெடிப்புகள் நிறைந்த அப்படை வழியே மேலே ஊற்றியது விரைவிற் கீழே சென்றடையும். எமது எஞ்சினைத் திருத்த அயலாரின் கிணற்றைப் பழுதாக்குதல் தகாது.

4. மேம்பாடு: வரவும் செலவும்

பூட்டிய எஞ்சின் புகையின்றி ஓடியதும் அதனை மேலும் வலுவூட்டும் ஆசை எமக்கு எழுந்தது. கொள்ளளவைக் கூட்டுவது நேர்வழி. 57 மி.மீ. அடிப்பு நீளமுள்ள வெஸ்பா 150 எஞ்சின்களுக்கு 63 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர்கள் விற்கப்படுகின்றன, கொள்ளளவு 177.7 ஆக, அதாவது ஐந்திலொரு பங்குக்கு மேலாக உயரும். ஆயின் குளிரூட்டும் விசிறி பழையதே. அதிக எரிபொருள் எரிவதால் எழும் அதிக வெப்பத்தை அதே காற்றே அகற்றவேண்டும். பிரதான ஜெற்றைப் பெருப்பிக்காது விடின் கலவை வறண்டு பிஸ்டன் இறுகும். ஓர் உறுப்பை மாற்றுதல் என்பது உறுப்புகளிடையேயான உறவு முழுவதையும் மாற்றுதலாகும்.

செலவில்லாத வழியெனப் பலர் நாடுவது துவாரங்களை அராவிப் பெருப்பிப்பதாகும். நாமும் அவ்வாறே செய்தோம். புகைத்துவாரத்தின் மேல்விளிம்பை அரைப்பின் அது முன்னதாகவே திறந்து, பிந்தியே மூடும். கிராங்கில் பாகைத் தட்டொன்றைப் பொருத்திப் பார்த்தால் இது தெளிவாகும். உதாரணமாகப் புகைத்துவாரம் 160 பாகையும் கடத்தல் துவாரங்கள் 116 பாகையும் திறந்திருப்பின், எரிந்த வாயு முன்கூட்டித் தணிவதற்கு 22 பாகை கிடைக்கும். புகைத்துவாரத்தை 180 ஆக உயர்த்தின் இது 32 ஆகும். உயர்வேகத்தில் நேரம் குறைவாதலால் அது பயன்தரும். தாழ்வேகத்திலோ பயனுள்ள அடிப்பு நீளம் குறுகிக் கலவை வெளியே வழியும். எமது ஸ்கூற்றர் வெறுவீதியிற் சீறியது. இருவரை ஏற்றியதும் இரண்டாம் கியரிலேயே திணறியது. அராவிய உலோகத்தை மீள ஒட்டவியலாது. வேறொரு சிலிண்டரை வாங்கவேண்டியதாயிற்று.

இவ்விழப்பை வெல்ல முயன்றவர்களுள் முதன்மையானவர் கிழக்கு ஜேர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் பணியாற்றிய வால்ற்றர் காடன். 1950களில், பெருநிறுவனங்களின் வளங்கள் இல்லாத நிலையில், புகைக்குழாயில் எழும் அமுக்க அலைகளை அவர் ஆராய்ந்தார். விரிந்து செல்லும் கூம்பில் அலை உறிஞ்சலாகத் திரும்பிச் சிலிண்டரை வெறுமையாக்கும். ஒடுங்கும் கூம்பில் அது அமுக்கமாகத் திரும்பி, வெளியே வழிந்த புதுக் கலவையை உள்ளே தள்ளும். புகைக்குழாயே வால்வாகிவிடுகிறது. 1961 இல் அவரது 125 க.செ.மீ. எஞ்சின் லீற்றருக்கு 200 குதிரைவலு எனும் அளவை எட்டியது. அவ்வாண்டே எம்.இசட். ஓட்டுநர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் சுவீடன் போட்டியின்போது மேற்குக்குத் தப்பிச் சென்று, அவ்வறிவைச் சுஸுக்கி நிறுவனத்துக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 50 க.செ.மீ. உலகப் போட்டியில் சுஸுக்கியின் ஓட்டுநராக அவரே வென்றார். ஒரு தொழிற்சாலைக் குழுவின் கூட்டுழைப்பில் விளைந்த அறிவு, வேறொரு நிறுவனத்தின் முதலாக மாறியமைக்கு இது நல்லதோர் உதாரணம்.

ஆயின் காடனின் குழாய் எமது ஸ்கூற்றருக்குப் பொருந்துமா? நிமிடத்துக்கு 5,500 சுற்றுகளில் 160 பாகை சுழல ஏறத்தாழ 4.85 மில்லிசெக்கன் ஆகும். சூடான புகைவாயுவில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 500 மீற்றர் அளவு எனக் கொண்டால், அந்நேரத்தில் அலை 2.4 மீற்றர், அதாவது 1.2 மீற்றர் போய்த் திரும்பும். வேகம் மாறினால் இக்கணக்கும் மாறும்; அலையோ காத்திருப்பதில்லை. பந்தய வீரன் தனது கியர்களால் எஞ்சினை ஒரு குறுகிய வேக எல்லைக்குள் வைத்திருப்பான். சந்தைக்குச் செல்லும் ஸ்கூற்றருக்கு அது இயலாது.

ஈற்றில் நாம் மேற்கொண்ட மேம்பாடுகள் அடக்கமானவை. பொயின்ற்களுக்குப் பதிலாக மின்னணுப் பொறியமைப்பு; சிலிண்டர்த் துவாரங்களும் கிராங்க் அறை வாய்களும் சந்திக்கும் படிகளைச் சமப்படுத்தல்; ஈயக்கம்பியைப் பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர்த் தலைக்கும் இடையே நசித்து இடைவெளியை அளந்து சீராக்கல்; பிளக்கின் நிறம் கபிலமாகும்வரை ஜெற்றைத் தேர்தல். வேகம் அதிகம் கூடவில்லை. தொடக்கம் எளிதாயிற்று, புகை குறைந்தது, வெப்பம் தணிந்தது.

5. முடிவுரை

மேம்பாடு எனும் சொல் எதனைக் குறிக்கிறது என்ற வினா இங்கே எழுகிறது. 1990களில், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதபோது, எமது மக்கள் வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அது நெருக்கத்தைத் தாங்காது வெடித்தெரியும் இயல்புடையது. ஆதலால் எஞ்சினின் நெருக்கத்தைக் கூட்டுதல் அன்று, குறைத்தலே அச்சூழலில் மேம்பாடாகும். எமது எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டனின் ரிங் தவாளிப்புகளில் கல்லாய் உறைந்திருந்த கரி அக்காலத்தின் எச்சமே. அதனைச் சுரண்டியெடுக்கையில், எவ்விதப் பட்டமுமின்றி இவ்வெஞ்சின்களை ஓடவைத்து, நோயாளரையும் அரிசியையும் ஏற்றிச்செல்ல வழிசெய்த கராஜ் தொழிலாளரை நினையாதிருக்க முடியவில்லை.

ஈரடிப்பு எஞ்சினுக்கு வருங்காலம் உண்டென நாம் வாதிடவில்லை. அதன் புகையை நியாயப்படுத்தவும் முடியாது. 2020 இல் சேத்தக் எனும் பெயர் மின்சார ஸ்கூற்றர் ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. அது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் புதிய இயந்திரங்கள் மேலும் மேலும் மூடிய பெட்டிகளாகிவரும் இந்நாளில், உடைமையாளன் திறந்து பார்த்துக் காரணம் கண்டு திருத்தக்கூடிய இயந்திரம் எத்தகைய அறிவை மக்களிடையே வளர்த்தது என்பதை மறந்துவிடலாகாது. முசலத்தையும் பிஸ்டனையும் ஒன்றெனக் காணும் கல்வியே எமக்குத் தேவை. அதற்கான முதற்படியாக, தடைக்கால எஞ்சின் வேலைகளைச் செய்த தொழிலாளர்களின் செய்முறைகளையும் சொற்களையும், அவர்கள் எம்மிடையே வாழும்போதே கேட்டு எழுதி வைப்பது பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.